ஒரு லட்சம் என்று எழுதி வாங்கினால் ஒரு லட்சமும் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: நான் வேலை பார்க்கும் லாரி நிறுவனம் தன் செலவில் கனரக வாகனப் பயிற்சி கொடுத்து, உரிமமும் எடுக்க வைத்தது. இரண்டு ஆண்டுகள் வேலை செய்வேன், நடுவில் நின்றால் ஒரு லட்சம் ரூபாய் தருவேன் என்று பத்திரத்தில் எழுதி வாங்கினார்கள். கையெழுத்து மட்டும் போட்ட காசோலையும் என் அசல் உரிமமும் அவர்களிடம் இருக்கின்றன. 15 மாதம் முடிந்துவிட்டது. இப்போது விலகினால் போலீசில் புகார் கொடுப்போம், வேறு எங்கும் வண்டி ஓட்ட விடமாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: போலீஸ் பயத்தை முதலில் விடுங்கள். ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேலையை விடுவது உரிமையியல் விவகாரம், குற்றமல்ல. இவரிடமே வேலை செய் என்று எந்த நீதிமன்றமும் உங்களுக்கு உத்தரவிடாது. விலகிய பிறகு வேறு எங்கும் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் லோடு ஏற்றிய வண்டியை நடுவழியில் விட்டுவிட்டுப் போனால் கதையே வேறு. டிரிப்பை முடித்து, டீசல் பணத்துக்குக் கணக்குக் கொடுத்து, சாவியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அதற்காகப் பத்திரம் வெறும் காகிதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் விலகும் அதிகாரி 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் உங்களுக்காகச் செலவு செய்தது உண்மை. அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதுதான் நியாயம்.

எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரும். பயிற்சிக் கட்டண ரசீதைக் கேளுங்கள். செலவு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்தில் மீதி 9 மாதம். கணக்குப் போட்டால் 11,250 ரூபாய். நீதிமன்றம் இப்படியே கணக்கிட வேண்டும் என்ற விதி இல்லை. ஆனாலும் பேச்சுவார்த்தையை இந்தத் தொகையில் தொடங்குங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தக் காசோலைதான். அதில் ஒரு லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டால், கடனுக்காகக் கொடுத்த காசோலை என்றே சட்டம் முதலில் ஊகிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள். எனவே விலகல் கடிதத்திலேயே காசோலை எண்ணைக் குறிப்பிட்டு, தொகை நிரப்பாமல் பிணையாக மட்டும் கொடுத்தது, திருப்பித் தாருங்கள் என்று எழுதி, கொடுத்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். வங்கியிடம் சொல்லிப் பணம் தராமல் நிறுத்தினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பியதற்கான குற்ற வழக்கு வரலாம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் பதில் அனுப்பிவிடுங்கள்.

உரிமம் உங்கள் பெயரில் அரசு கொடுத்தது. அதைப் பிடித்து வைக்க முதலாளிக்கு உரிமை இல்லை. அதே கடிதத்தில் கேளுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்திலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி நகல் உரிமம் மட்டும் வாங்காதீர்கள். பலர் செய்கிற தவறு அது. உங்கள் பக்கமுள்ள நியாயத்தையே கெடுத்துவிடும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள உரிமம் சோதனையின்போது செல்லும்.

தொகை முடிவானால் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். அன்றைக்கே பத்திரம், காசோலை, உரிமம் மூன்றையும் பெற்று, இனிப் பாக்கி எதுவும் இல்லை என்று நிறுவன முத்திரையுடன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.