மாநகராட்சிப் புகார்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சியில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். தெருவிளக்கு, சாலை, மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை பற்றிக் கேட்டால் சொல்வேன். சொத்துவரி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வேறு பிரிவு. கட்சி அரசியல் வேண்டவே வேண்டாம்.

கீதா, வேளச்சேரி: சார், எங்கள் தெருவில் வரிசையாக மூன்று விளக்கு இரண்டு வாரமாக எரியவில்லை. மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கு இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வருகிறது, விளக்கு மட்டும் வரவில்லை.

கீதா அம்மா, அந்தப் புகார் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆணையர் கைக்கு இல்லை. ஒரு வயர்மேன் கைக்குப் போகிறது. அவர் கையில் அன்றைக்கு இருபது முப்பது புகார் இருக்கும், வருவது பட்டப்பகலில். பகலில் எந்த விளக்கும் எரியாது, அப்போது எது பழுது என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'இரண்டாவது குறுக்குத் தெருவில் விளக்கு எரியவில்லை' என்று மட்டும் இருந்தால், வேளச்சேரியில் எத்தனை இரண்டாவது குறுக்குத் தெரு! சுற்றிப் பார்ப்பார், ஒன்றும் புரியாது, முடித்ததாகப் போட்டுவிட்டுப் போவார். அவர் செய்வது சரி என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

கம்பத்தில் பெயிண்டில் ஒரு எண் எழுதியிருக்கும், அதைக் கொடுங்கள். அழிந்திருந்தால் எதிர்வீட்டுக் கதவு எண். இன்னொன்று, ஒரு விளக்கு போனால் பல்பு போயிருக்கலாம். வரிசையாக மூன்று போனால் பல்பு இல்லை, கேபிளோ கண்ட்ரோல் பெட்டியோ. அதற்கு ஏணியோடு வரும் ஆள் போதாது. 'அடுத்தடுத்த மூன்று கம்பம், கேபிள் பழுதாக இருக்கலாம்' என்று எழுதினால் அதற்கான ஆட்கள் வருவார்கள். முக்கியமாக, புதுப் புகார் போடாதீர்கள். பழைய எண்ணைச் சொல்லி 'தீரவில்லை, மறுபடி திறங்கள்' என்று கேளுங்கள். புதிதாகப் போட்டால் இரண்டு வாரம் காத்திருந்த கணக்கே அழிந்துபோய் இன்று வந்த புகாராகிவிடும். மழைக்காலத்தில் கம்பம் தொட்டால் ஜிவ்வென்றால் இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, அப்புறம்தான் 1913.

சேலத்துக்காரன்: எங்கள் பகுதி மெயின் ரோட்டில் பெரிய பள்ளம். மாநகராட்சியில் மனு கொடுத்து நான்கு மாதம் ஆகிறது.

முதலில் அது யாருடைய சாலை? மாநகர எல்லைக்குள் இருப்பதெல்லாம் மாநகராட்சி சாலை இல்லை. பக்கத்தில் கிலோமீட்டர் கல் இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இரண்டில் எதுவானாலும் உங்கள் மனு தப்பான மேசையில் நான்கு மாதமாகத் தூங்குகிறது. அதை அவர்களே உரிய துறைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள். எந்தத் துறை என்று தெரியாவிட்டால் முதல்வர் உதவி எண் 1100-இல் பதியுங்கள், அங்கிருந்து பிரித்து அனுப்புவார்கள்.

ராஜி: சொத்துவரியில் அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்?

வருவாய்ப் பிரிவு. என் துறை இல்லை.

அம்பத்தூர் வாசி: ஐயா, வீட்டு வாசலில் மழைநீர் வடிகால். வெயில் காலத்திலும் அதில் தண்ணீர் ஓடுகிறது, நாற்றம் தாங்க முடியவில்லை, கொசு வேறு. மாநகராட்சியில் கேட்டால் குடிநீர் வாரியம் என்கிறார்கள், வாரியத்தில் கேட்டால் வடிகால் எங்களுடையது இல்லை என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டு பேர் சொல்வதும் உண்மை, அதுதான் வேடிக்கை. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய் 1978 சட்டத்தின்படி அமைந்த குடிநீர் வாரியத்துடையது. மற்ற பல ஊர்களில் இரண்டும் மாநகராட்சியிடமே இருக்கும், அங்கே இந்தப் பந்தாட்டம் கொஞ்சம் குறைவு. தெருவில் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். பெரும்பாலும் நடுரோட்டில் வட்ட மூடி கழிவுநீர், ஓரத்தில் சதுரமோ நீளமோ ஆன மூடி மழைநீர்.

சித்திரை வெயிலில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது வானத்திலிருந்து வந்ததில்லை. யாரோ வீட்டுக் கழிவை அதில் விட்டிருக்கிறார்கள். காலை ஆறு முதல் ஒன்பதுக்குள் பாருங்கள், குளிக்கிற, துவைக்கிற நேரத்தில் நுரையோடு ஓட்டம் கூடும், மதியம் குறையும். மேட்டுப் பக்கமாக நடந்து போனால் எந்த மூடியில் ஓட்டம் இல்லையோ அதற்கும் அதன் கீழ் மூடிக்கும் நடுவில் இணைப்பு இருக்கிறது. நாங்கள் அப்படித்தான் பிடிப்போம். சந்தேகம் என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கழிப்பறையில் சாயப்பொடி போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம், வடிகாலில் நிறம் வந்தால் பேச்சே இல்லை. நீங்கள் மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே இறங்கவோ ஆளை இறக்கவோ நினைக்கவே நினைக்காதீர்கள். மேலே நடந்து பார்த்த இடத்தை எழுதுங்கள், போதும்.

மனுவில் 'நாற்றம் அடிக்கிறது' என்று எழுதினால் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போவார்கள். 'இந்தக் கதவு எண்ணுக்கும் அந்தக் கதவு எண்ணுக்கும் இடையில் மழைநீர் வடிகாலில் கழிவுநீர் இணைப்பு இருப்பதாகத் தெரிகிறது, மாநகராட்சியும் வாரியமும் கூட்டாகத் தணிக்கை செய்ய வேண்டும்' என்று ஒரே மனுவை இரண்டு அலுவலகத்துக்கும் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் மற்றதற்கு நகல் என்று குறிப்பிடுங்கள். அப்போது பந்தை உதைக்க இடமில்லை.

முகப்பேர் குமார்: அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக் கொடுக்கச் சொல்கிறீர்கள். நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

குமார், மனுவில் யார் பெயரையும் எழுதச் சொல்லவில்லை, இடத்தைத்தான் எழுதச் சொன்னேன்.

புறநகர் பொன்னி: சார் பேசுவது நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு இன்னும் கழிவுநீர்க் குழாயே போடவில்லை. வரி மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டுகிறோம். செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரிக்கு யார் தண்டம் அழுவது? நாங்களும் வடிகாலில்தான் விடுகிறோம். ஒளிக்க என்ன இருக்கிறது?

முகப்பேர் குமார்: அப்படிப் போடுங்கள் அக்கா!

அம்பத்தூர் வாசி: உங்கள் அக்கா விடுவதுதான் என் வாசலில் நாறுகிறது, தம்பி.

பொன்னி அம்மா, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். குழாய் போடாதது உங்கள் தப்பில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சுற்றுப்பகுதிகளைச் சேர்த்து 15 மண்டலம், 200 வார்டு என்று ஆக்கினார்கள், சேர்த்த கையோடு பூமிக்கடியில் குழாய் தானாக முளைத்துவிடாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் வடிகால் ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிறது, சுத்திகரிப்பு நிலையத்துக்கு இல்லை. ஐப்பசி மழையில் அந்த வடிகால் நிரம்பி உங்கள் வரவேற்பறைக்குள் வரும்போது, வருவது மழைநீர் மட்டும் இல்லை. செப்டிக் டேங்க் எடுக்க 14420-இல் கேளுங்கள். இயந்திரம் வைத்த லாரிதான் வர வேண்டும். நானூறு ஐந்நூறு மிச்சம் பிடிக்க ஒரு ஆளைக் குழிக்குள் இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், இறக்கச் சொன்னவர் ஜெயிலுக்குப் போகலாம். உள்ளே இருக்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், தூக்கப் போகிறவரும் சேர்ந்து போவார். இதை நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. பணியில் இருந்தபோது ஒரு தனியார் வளாகத்துக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தது. அதற்கு மேல் எழுத முடியாது.

முகப்பேர் குமார்: சரி சார், மன்னியுங்கள். ஆனால் வாரியக் குழாய் இருக்கிற எங்கள் தெருவிலேயே மழை வந்தால் தரைத்தள வீட்டுக் கழிப்பறை பொங்குகிறதே, அதற்கு யாரைச் சொல்வது?

உங்கள் மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகிறது குமார்? பதில் சொல்லுங்கள்.

முகப்பேர் குமார்: …கழிவுநீர்க் குழாயில்தான். கட்டும்போதே மேஸ்திரி அப்படிக் கொடுத்துவிட்டார்.

நினைத்தேன். அவர்கள் கழிவுநீரை மழைநீரில் விடுகிறார்கள், நீங்கள் மழைநீரைக் கழிவுநீரில் விடுகிறீர்கள். கழிவுநீர்க் குழாய் வீட்டுக் கழிவுக்குத்தான் கணக்குப் போட்டுப் பதித்தது. ஒரு தெருவின் மொட்டைமாடி எல்லாம் அதில் இறங்கினால் எங்கே போகும்? இருப்பதில் தாழ்வான கழிப்பறை வழியாக மேலே வரும். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-இல். மேஸ்திரியைத் திட்டிப் பிரயோஜனமில்லை, பிளம்பரைக் கூப்பிட்டு அந்தக் குழாயை மழைநீர் சேகரிப்புக்குத் திருப்புங்கள். இந்தச் சண்டையை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

செந்தில், மதுரை: தெருவிளக்கு எரியவில்லை, எங்கே புகார் செய்வது?

1913 சென்னைக்கு. உங்கள் மாநகராட்சிக்குத் தனி எண் உண்டு. மற்றதெல்லாம் கீதா அம்மாவுக்குச் சொன்னதுதான்.

திருச்சி முரளி: போன வருடம் போட்ட சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் 'ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்' என்று கேட்டேன். 'இது தகவல் அல்ல' என்று திருப்பிவிட்டார்கள்.

திருப்பியது சரிதான். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஆவணத்தைக் கேட்கத்தான், காரணம் கேட்டுச் சண்டை போட அல்ல. அதே பத்து ரூபாய்க்கு இப்படிக் கேளுங்கள்: அந்த வேலையின் மதிப்பீடு, பணி ஆணை, எம் புக்கின் நகல், தரச் சோதனை அறிக்கை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது. எம் புக் என்பது அளவுப் புத்தகம், எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் போட்டதாக எழுதிப் பணம் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். எங்கள் ஆட்கள் மனுவுக்குப் பயப்பட மாட்டார்கள், எம் புக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பொறுப்புக் காலம் முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், 'நிதி இல்லை' என்ற பேச்சு எடுபடாது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் 30 நாள்தான் கெடு. அப்புறம் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஒரு மனுவில் ஒரு சாலை மட்டும். ஊரிலுள்ள எல்லாச் சாலையையும் கேட்டால் ஒன்றும் வராது.

வசந்தி: எங்கள் தெருவில் பழைய சாலை மேலேயே போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது.

சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும். அதற்கு மில்லிங் என்று பெயர். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதைப் பொறியாளர்களுக்கு எழுத்தில் தெளிவாகச் சொன்னார். வேலை தொடங்கும் நாளன்று தெருவில் நின்று மில்லிங் ஆகிவிட்டதா என்று கேளுங்கள், பழைய தாரைச் சுரண்டியிருக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். தார் ஊற்றிய பிறகு கொடுக்கும் மனு அடுத்த சாலைக்குத்தான் உதவும்.

நாய்த்தொல்லை: தெருநாய்களைப் பிடித்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே விட மாநகராட்சிக்கு என்ன தடை?

நாய்க் கருத்தடை பற்றிய 2023 விதிகள். கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறி பிடித்ததும் ஆளைப் பார்த்தால் பாய்கிறதும் விதிவிலக்கு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கு மேல் இந்த விஷயத்தில் வாய் திறக்க மாட்டேன். வடிகால் சண்டையே இன்றைக்குப் போதும்.

கோவை இளங்கோ: ஏரியா சபை என்கிறார்களே, போனால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு, வெறும் கையோடு போகாவிட்டால். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்தில் வார்டுக்குள் இது. நகர உள்ளாட்சிக்கான அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது, இங்கே முதல் சபைகள் கூடியது 2022 நவம்பர் 1-இல். எவ்வளவு அவசரம் பாருங்கள்! ஆளாளுக்கு எழுந்து பத்துக் குறை பேசினால் கவுன்சிலர் தலையாட்டிவிட்டுப் போவார். தெருவில் நான்கு வீடு பேசிவைத்து ஒரே விஷயத்தை எழுத்தில் கொடுத்து, கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

பெயர் வேண்டாம்: கழிவுநீர் இணைப்பு கொடுக்க ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்.

ரசீது தருகிறார்களா? தராவிட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை. கொடுத்துவிட்டு அப்புறம் புகார் சொல்லாதீர்கள், கொடுப்பதற்கு முன்னால் போங்கள்.

ஆவடி ஸ்ரீதர்: தெருவிளக்கு…

கம்பம் எண். கம்பம் எண். கம்பம் எண்.

கீதா, வேளச்சேரி: சார், நீங்கள் சொன்ன மாதிரி பழைய எண்ணைச் சொல்லி, கம்பம் எண்ணும் கொடுத்தேன். சாயங்காலமே ஆட்கள் வந்து கேபிளைச் சரிசெய்துவிட்டார்கள், மூன்றும் எரிகிறது. ஆனால் காலை எட்டு மணிக்கும் எரிந்துகொண்டே இருக்கிறது!

டைமரைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். கண்ட்ரோல் பெட்டியில் ஒரு எண் இருக்கும் அம்மா, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் புதுப் புகார்தான் போட வேண்டும்.