பருத்தியில் ‘தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு’ என்றால் என்ன?

ஒரு வளரும் நாடு, தான் அனுபவத்தில் தெரிந்துகொண்ட பருத்தி, துணி நுட்பங்களை இன்னொரு வளரும் நாட்டோடு பகிர்வதுதான் இது. பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு பருத்தி நாடுகளோடு பிரேசில் 2009-இல் ஒரு திட்டம் தொடங்கியது. மாலியின் சோட்டுபா ஆய்வுப் பண்ணையில் பிரேசிலின் விதை ரகங்களை விதைத்துப் பார்த்தார்கள். மண் அரிக்காமல், உழாமலே விதைக்கும் முறையையும் சோதித்தார்கள்.

சரி, ஏன் பிரேசில்? அங்கேயும் இதே மாதிரி வெயில், புல்வெளி மண். போன வருஷம் அதே பரீட்சையில் தேறிய அண்ணனிடம் பாடம் கேட்பது போல.

அந்த நாடுகளின் பஞ்சில் பெரும்பகுதி நூலாகாமலே கப்பலேறுகிறது; கூடுதல் வருமானமோ நூற்பிலும் நெசவிலும் தையலிலும். ஆகவே உதவி வயலோடு நிற்காமல் ஆலை வரை நீள வேண்டும் என்பேன்.

அப்புறம், பணக்கார நாடுகளின் உதவிக்கு இது மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். மாற்று அல்ல, அதோடு சேர்ந்து நடப்பது.