மகள் பூமிக்குள் இருப்பதைப் படிக்க வேண்டும் என்கிறாள்: எதில் சேர்ப்பது?

பிளஸ் டூ கணிதப் பிரிவில் படிக்கும் மகள், இன்ஜினியரிங் வேண்டாம், பூமிக்குள் என்ன இருக்கிறது என்று ஆராயும் படிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கல் பொறுக்குகிற படிப்புக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் கல் பொறுக்குவதைத் தள்ளி வைப்போம். பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மனிதர் தோண்டியதில் மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அது 1989-இல் 12,262 மீட்டரைத் தொட்டதோடு சரி. அடியில் வெப்பம் 180 டிகிரியை எட்டியதால் அதற்குமேல் துளைக்க முடியவில்லை. மையத்துக்குள்ள தூரத்தில் இது 0.2 சதவீதம்கூட இல்லை. ஆகவே பூமியின் ஆழத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த அனைத்தும் மேற்பரப்பில் நின்றுகொண்டு அளந்து, கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததுதான். உங்கள் மகள் ஆசைப்படுவது புவி இயற்பியல், அதாவது ஜியோபிசிக்ஸ். ஜியாகிராபி (புவியியல்), ஜியாலஜி (பாறைகளைப் படிக்கும் நிலவியல்), ஜியோபிசிக்ஸ் மூன்றும் வேறு வேறு. கவுன்சலிங்கில் ‘ஜியோ’ என்று தொடங்குவதைப் பார்த்து மாற்றிச் சேர்ந்துவிட்டு ஓராண்டு கழித்துக் கலங்குவது வழக்கமாக நடக்கும் தவறு.

இந்தத் துறைக்கு வேண்டிய அடிப்படை அவள் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். பூமியின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.5 கிராம். நம் காலடியில் கிடக்கும் கருங்கல்லோ 2.7 கிராம்தான். மேலே இவ்வளவு லேசாக இருந்தால் உள்ளே கனமானது ஏதோ இருந்தாக வேண்டும். அடுத்தது நிலைமத் திருப்புத்திறன், அதாவது ஒரு பொருளின் சுழற்சியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு. உள்ளும் புறமும் ஒரே அடர்த்தியுள்ள கோளத்துக்கு அது 0.4 எம்ஆர் ஸ்கொயர் என்று மனப்பாடம் செய்திருப்பாள். பூமிக்கு அது 0.33. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையாட்டும் வேகத்திலிருந்து இந்த எண் கிடைக்கிறது. எண் குறைந்திருப்பதன் பொருள், எடை மையத்தை ஒட்டிக் குவிந்திருக்கிறது என்பது. ஒரு குழிகூடத் தோண்டாமல் இவ்வளவு தெரிந்துவிட்டது.

மீதியைச் சொன்னவை நிலநடுக்க அலைகள். முதலில் வருவது பி அலை. ஒலியைப் போல அமுக்கி விரித்துக்கொண்டு போகும். பின்னால் வருவது எஸ் அலை, பக்கவாட்டில் ஆட்டும். எஸ் அலையின் வேகம் பொருளின் விறைப்புக் குணகத்தை, அதாவது வடிவம் மாறாமல் எதிர்த்து நிற்கும் திறனைப் பொறுத்தது. திரவத்துக்கு அந்தக் குணகம் சுழி. ஆகவே திரவத்துக்குள் எஸ் அலை நுழைய முடியாது. பூமியின் மறுபக்கத்தில் எஸ் அலை வராமல் போனால் நடுவில் ஒரு திரவம் மறிக்கிறது என்று பொருள். 1897-இல் அசாமை உலுக்கிய நிலநடுக்கத்தின் பதிவுகளில் இந்த அலைகளைப் பிரித்துக் காட்டியவர், இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்டு டிக்சன் ஓல்டம். பூமிக்கு ஒரு மையக்கரு உண்டு என்று 1906-இல் எழுதியவரும் அவரே. அந்தக் கரு சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குவதைப் பின்னர் ஜெர்மன் விஞ்ஞானி குட்டன்பர்க் கணக்கிட்டார்.

அந்த எல்லையில் பி அலையின் வேகம் நொடிக்கு 13.7 கிலோமீட்டரிலிருந்து 8-க்கு விழுகிறது. வேகம் விழுந்தால் அலை வளையும். கண்ணாடிக்குள் ஒளி வளைகிற அதே ஸ்நெல் விதிதான். அதனால் நடுக்கம் நடந்த இடத்திலிருந்து, பூமியின் மையத்தில் கோணமாக அளந்தால், ஏறத்தாழ 104 முதல் 140 டிகிரி வரை ஒரு நிழல் வளையம் விழுகிறது, அங்கே பி அலை நேராக வராது. ஆனால் 1929 நியூசிலாந்து நிலநடுக்கத்தின்போது அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய பி அலைகள் பதிவாகியிருந்தன. டென்மார்க்கின் இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற பெண்மணி அதைப் பிடித்துக்கொண்டு, கருவுக்குள் இன்னொரு கரு இருந்தால்தான் இது நடக்கும் என்று 1936-இல் காட்டினார். அது 5,150 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் திடமான உட்கரு. லேமன் படித்தது கணிதம். உங்கள் மகளுக்குக் கணிதத்தில் கசப்பு இல்லையென்றால் கவலையில் பாதியை விட்டுவிடலாம்.

இந்த வேலை எங்கே தவறும் என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். நிலநடுக்கம் பதியும் கருவியை மண்ணில் வைத்தால் காற்றில் ஆடும் மரத்தின் வேரைக்கூடப் பதியும். அதனால்தான் பாறையைத் தேடிப் போய் மேடை கட்டுகிறார்கள். கடலலையின் ஓயாத முணுமுணுப்பு எந்த ஊரிலும் பதிவில் இருக்கும், அதை வடிகட்டத் தெரிய வேண்டும். எலி கேபிளைக் கடிக்கும். மழைக்காலத்தில் சோலார் பேட்டரி இறங்கும். கடிகாரப் பிழை இன்னும் நுட்பமானது. நிலையத்தின் ஜிபிஎஸ் கடிகாரம் ஒரு நொடி பிசகினாலும் பி-க்கும் எஸ்-க்கும் உள்ள இடைவெளி மாறாது. இரண்டும் ஒரே கடிகாரத்தில் பதிவானவை அல்லவா! ஆனால் மருத்துவ ஸ்கேன்போலப் பூமிக்குள் படம் எடுக்கும் முறையில், அலை எதிர்பார்த்ததைவிட அரை நொடி, ஒரு நொடி முந்தியதா பிந்தியதா என்பதே முழுச் செய்தி. அங்கே ஒரு நொடிப் பிழை இருந்தால், இல்லாத சூடான பாறை ஒன்று படத்தில் முளைத்துவிடும்.

ஈர்ப்பு அளவீட்டில் வேறு வகைச் சிக்கல். மேலே உள்ள சிறிய பாறையும் ஆழத்தில் உள்ள பெரிய பாறையும் ஒரே அளவைக் கொடுக்கலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த ஒரு பெரும் பரப்பு உண்டு. அங்கே கடல்மட்டம், கணக்குப்படி இருக்க வேண்டியதைவிடச் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்குப் பள்ளம் ஒன்றும் தெரியாது. அடியில் சூடான, லேசான பொருள் மேலெழுந்ததே காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023-இல் கணினி மாதிரிகளைக் கொண்டு விளக்கினார்கள். ஒரே அளவுக்குப் பல விளக்கங்கள் சொல்ல முடிவதால் விவாதம் தொடரும். உறுதியான விடை உடனே வேண்டும் என்கிற சுபாவம் உள்ள பிள்ளைக்கு இந்தத் துறை எரிச்சல் தரும்.

ஆசை உண்மையானதா என்று சோதிக்க ஒரு மாதம் போதும். நிலநடுக்கப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பைத்தான் மொழியில் இயங்கும் ஆப்ஸ்பை என்ற மென்பொருளும் இலவசம். ஒரு நடுக்கத்துக்கு, சில நூறு கிலோமீட்டருக்குள் உள்ள மூன்று நிலையங்களின் பதிவை இறக்கட்டும். பி தொடங்கும் நொடியையும் எஸ் தொடங்கும் நொடியையும் கண்ணால் குறிக்கட்டும். இடைவெளியை 8-ஆல் பெருக்கினால் தோராயமான தூரம் கிலோமீட்டரில் வரும். 40 நொடி என்றால் 320 கிலோமீட்டர். வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டால் அவை ஓரிடத்தில் நெருங்க வேண்டும். முதல் முறை நெருங்காது. எஸ் தொடங்கும் இடம் பி அலையின் வாலுக்குள் புதைந்திருப்பதால் அதைத் தப்பாகக் குறித்திருப்பாள். பத்து நடுக்கங்களுக்குப் பிறகும் சலிக்காமல் உட்கார்ந்தால் அவளைத் தடுக்காதீர்கள்.

இனி சேர்க்கை. ஜேஇஇ அட்வான்ஸ்டில் இடம் கிடைத்தால் காரக்பூர், ரூர்க்கி, தன்பாத் ஐஐடிகளைப் பாருங்கள். படிப்பின் பெயரும் ஆண்டுக் கணக்கும் மாறிக்கொண்டிருப்பதால் அந்தந்த ஆண்டின் ஜோசா (ஐஐடி சேர்க்கைக் கவுன்சலிங்) பட்டியலில் சரிபார்ப்பது நல்லது. ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் புணே, கொல்கத்தா, போபாலில் புவி அறிவியல் துறை உண்டு. இவை கிடைக்காவிட்டால், உள்ளூரில் நல்ல ஆசிரியர்களும் ஒழுங்கான ஆய்வகமும் உள்ள கல்லூரியில் பி.எஸ்சி இயற்பியல் சேருங்கள். கணிதம் துணைப்பாடமாக இருக்கட்டும். மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி நுழைவுக்கான ஜாம் தேர்வு எழுதி ஐஐடி எம்.எஸ்சிக்குப் போகலாம். ஐதராபாத் உஸ்மானியா, விசாகப்பட்டினம் ஆந்திரா, வாரணாசி இந்து பல்கலைக்கழகங்களிலும் புவி இயற்பியல் முதுகலை உண்டு. கொச்சியில் கடல்சார் புவி இயற்பியல் இருக்கிறது. எங்கள் தேர்வு இந்த இயற்பியல் வழிதான். நடுவில் மனம் மாறினாலும் கதவு எதுவும் மூடாது.

பலரும் கவனிக்காத விதி ஒன்று உண்டு. யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வில் ஜியோபிசிசிஸ்ட் பணிக்கு எம்.எஸ்சி இயற்பியல் முடித்தவர் விண்ணப்பிக்கலாம், எம்.எஸ்சி ஜியாலஜி மட்டும் முடித்தவர் விண்ணப்பிக்க முடியாது. அவருக்கு ஜியாலஜிஸ்ட் பணி. குரூப் ஏ பணி, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இடங்கள் குறைவு, போட்டி கடுமை.

பூமியின் மையத்தை மட்டுமே ஆராயும் வேலைகள் இந்தியாவில் சொற்பம். ஐதராபாத்தில் 1961 முதல் இயங்கும் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், டேராடூன் வாடியா இமாலய நிலவியல் நிறுவனம், நவி மும்பையில் உள்ள புவிக்காந்தவியல் நிறுவனம் என்று விரல்விட்டு எண்ணலாம். அங்கே போக முனைவர் பட்டம் வேண்டும். நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைத் தகுதி கிடைத்தால் படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுவரை நிரந்தர வேலை இருக்காது. குடும்பத்தால் அதைத் தாங்க முடியுமா என்று இப்போதே பேசிவிடுங்கள். அதே கணக்கும் கருவியும் தெரிந்தவர்களை ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா, தனியார் எண்ணெய்த் தேடல் நிறுவனங்கள், தில்லி தேசிய நிலநடுக்கவியல் மையம், ஐதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் ஆகியவையும் எடுக்கின்றன. உங்கள் ஊரில் போர்வெல் போடுமுன் நான்கு கம்பிகளை மண்ணில் அடித்து நீரோட்டம் பார்க்க வருகிறாரே, அவர் செய்வதும் புவி இயற்பியல்தான்.

களப்பணி பெண்ணுக்குச் சரிப்படுமா என்பது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. ஆழ்பூமி ஆய்வில் பெரும்பகுதி கணினி முன்தான் நடக்கிறது. கள வேலை ஆண்டில் சில வாரங்கள், அதுவும் குழுவாக. எண்ணெய்க் கிணற்றுப் பணி மட்டும் வேறு மாதிரி. அங்கே ஷிப்ட் உண்டு, தொடர்ந்து பல நாள் தளத்திலேயே தங்க வேண்டிவரும். எது தனக்குச் சரி என்பதை எம்.எஸ்சி படிக்கும்போது கோடைப் பயிற்சிக்குப் போய்ப் பார்த்து அவளே முடிவு செய்யட்டும்.