முதல் கேள்வி

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன், எல்லோருடைய வைத்தியச் செலவையும் அரசே கட்டும் ‘சிங்கிள் பேயர்’ முறை வரவேண்டும் என்று வாதாடுகிறான். இலவசம் என்றால் ஜனங்கள் தும்மலுக்குக்கூட ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார்கள் என்பது என் கட்சி. அந்த முறை இருக்கும் கனடாவில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களாமே? நமக்கு முதல்வர் காப்பீட்டு அட்டையே போதாதா?

ம., திருமங்கலம்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக மதுரை பெரியாஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வைத்தே படித்தேன்.

கனடாவில் காத்திருப்பது உண்மைதான். மூட்டு அறுவைக்கு மாதங்கள் ஆகின்றன. சரி, அது இருக்கட்டும்.

தும்மல் என்று எழுதினீர்களே, அந்த வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. பேரையூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஒருநாள் கூலியை விட்டு, ஓ.பி. சீட்டுக்கு நிற்பவரை நேரில் பார்த்துவிட்டு அப்படி எழுத முடியுமா? பொழுது போகாமலா வருகிறார்கள்?

1991இல் ஓர் இரவு அப்பாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினோம். ‘அட்வான்ஸ் கட்டிட்டீங்களா?’ என்பதுதான் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. அம்மா அங்கேயே நின்று தோட்டைக் கழற்றினாள். அந்நேரத்துக்கு எந்த அடகுக்கடை திறந்திருக்கும்? அப்பாதான் ‘பெரியாஸ்பத்திரிக்கே போயிருவோம்’ என்றார். அங்கே இருந்த இளம் டாக்டர் கேட்டது, ‘எப்பலேருந்து வலிக்குது?’

பிழைத்தார். ஆனால் அந்தக் கவுன்ட்டர் பயம் அவரைவிட்டுப் போகவே இல்லை. அப்புறம் எந்த வலியையும் எங்களிடம் சொன்னதில்லை. பிரஷர் மாத்திரையை உடைத்துப் பாதிதான் போடுவார். அவர் போன பிறகு டப்பாவில் மீதிப் பாதிகள் கிடந்தன.

நீங்கள் சொல்லும் அட்டை நல்ல அட்டைதான். 2009இல் தொடங்கிய காப்பீடு எத்தனையோ இதயங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் அதற்கு வேலை. கடையில் வாங்கும் பாதி மாத்திரைக்கு அது வராது. அதிலும் இன்னின்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று பட்டியல் உண்டு, வருமான வரம்பு உண்டு. ஒரு ரூபாய் கூடினால் நீங்கள் வெளியே.

பணம் கட்டுவது ஒரே கை என்றால் விலையை அந்தக் கை பேசும். இதற்குக் கனடா வரை போக வேண்டாம். 1994இல் ஆரம்பித்த நம் மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்தின் அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை இறங்குகிறது. மாத்திரைக்குச் செய்வதை வைத்தியத்துக்கே செய்வதுதான் உங்கள் மகன் சொல்வது. கனடாவில் பெரும்பாலான டாக்டர்கள் அரசு ஊழியர்கள் இல்லை, சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள். பில்தான் மாகாண அரசுக்குப் போகிறது. அதுவும் சும்மா வந்துவிடவில்லை. 1962இல் சஸ்காச்சுவான் மாகாணம் இதைத் தொடங்கியபோது டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பின்வாங்கவில்லை.

அமெரிக்காவிலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசுக் காப்பீடு தரும் சட்டம் 1965இலேயே வந்துவிட்டது. உங்கள் மகனைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்குக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை போனால் அதுவும் போகும். அடுத்தமுறை பேசும்போது வாதம் வேண்டாம். உடம்புக்கு ஏதாவது வந்து டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போட்டிருக்கிறாயா என்று மட்டும் கேளுங்கள். அப்பாவிடம் அவனாகச் சொல்லியிருக்க மாட்டான்.