எந்த வீடியோவில் தொடங்குவது?

கேள்வி: புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியிருக்கிறேன். யூடியூபில் பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் உங்கள் கேமராவின் மாடல் பெயரைப் போட்டுத் தேடி, அதன் பட்டன்களை விளக்கும் ஒரே ஒரு வீடியோவைப் பாருங்கள். அடுத்து அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் அளவு) மூன்றையும் வரிசையாகச் சொல்லித்தரும் ஒரு பிளேலிஸ்ட். படத்தோடு அதன் செட்டிங்கையும் காட்டாத பாடத்தைத் தள்ளிவிடுங்கள். லென்ஸ் விமர்சனங்கள் இப்போதைக்கு வேண்டாம், பர்ஸுக்குத்தான் வேலை!

பார்த்ததை அன்றே செய்து பாருங்கள். 'ஏ' அல்லது 'ஏவி' மோடில் (அப்பர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டர் ஸ்பீடைக் கேமராவே முடிவுசெய்யும்), ஐ.எஸ்.ஓ.வை மாற்றாமல், ஒரே பொருளை எஃப் 5.6, எஃப் 16 என இரண்டு அப்பர்ச்சரில் எடுங்கள் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்). இரண்டாவதில் பின்னணி தெளிவாகும். ஆனால் படமே கலங்கியிருந்தால் ஃபோகஸைக் குறை சொல்லாதீர்கள். சிறிய திறப்பில் ஒளி குறைவதை ஈடுகட்ட ஷட்டர் சுமார் 8 மடங்கு நேரம் திறந்திருப்பதால் கை அசைவு பதிந்துவிடுகிறது. டிரைபாட் இல்லையென்றால் கேமராவை மேஜையில் வைத்து, 2 விநாடி டைமரில் எடுங்கள்.