குளிர்பான கேனை அப்படியே வாய் வைத்துக் குடிக்கலாமா, கழுவ வேண்டுமா?

கழுவிவிட்டுக் குடிப்பதுதான் நல்லது. தொழிற்சாலையில் மூடி போடும்போது கேன் சுத்தமாகத்தான் இருக்கும். அதன் பிறகு கிடங்கு, லாரி, கடை அலமாரி என்று பல இடங்களில் தூசி படிகிறது, பல கைகள் படுகின்றன.

மேல்மூடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விளிம்பை ஒட்டி உள்பக்கமாக ஒரு பள்ளம் வட்டமாக ஓடும். அழுக்கு தங்குவது அங்கேதான். குடிக்கும்போது வழியும் பானமும் அதே பள்ளத்தில் தேங்கி, அடுத்த மடக்கோடு வாய்க்குள் போய்விடும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வளையத்தைத் தூக்கினால் மூடியின் ஒரு துண்டு உள்ளே மடங்கிப் பானத்தில் படுகிறது. 1970களில் வந்த இந்த அமைப்பில் வெளியே இருந்த பரப்பே உள்ளே போகிறது. அதனால் ஸ்ட்ரா போட்டுக் குடித்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

சரி, என்ன செய்யலாம்? திறப்பதற்கு முன்பே, ஓடும் குடிநீரில் காட்டி, பள்ளத்தையும் வளையத்தின் அடிப்பகுதியையும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு சுத்தமான டிஷ்யூவால் துடைத்தால் போதும். சட்டை நுனியால் துடைப்பது அழுக்கை இடம் மாற்றும், அவ்வளவுதான். ஐஸ் பெட்டியில் கிடந்த கேன் ஈரமாக இருப்பதால் சுத்தம் என்று நினைக்காதீர்கள். எல்லாக் கேன்களின் அழுக்கும் அந்த உருகிய நீரில்தான் கலந்திருக்கும்.

எலிச் சிறுநீர் பட்ட கேனால் உயிர் போனதாகச் சுற்றும் செய்திகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி உலர்ந்த பரப்பில் வெகுநேரம் தாங்காது.