தங்கச்சியை முதலில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கோ

15 வயசுத் தங்கச்சிக்கு நாலு மாசம், கொட்டாஞ்சேனைச் சனத்துக்குத் தெரியமுன்னம் அம்மா ஆரிட்டையோ கொண்டுபோய்க் கலைக்கப் பாக்கிறா எண்டு எழுதியிருக்கிறீங்கள். தயவுசெய்து விடாதேங்கோ அக்கா. தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டும்தான் இலங்கைச் சட்டம் அதுக்கு இடம் குடுக்குது. களவாச் செய்யிற இடத்தில கிருமி தொத்தி, ரத்தம் போய், தங்கச்சியையே இழக்கலாம்.

இந்த வயசில ரத்தச்சோகையும் பிரஷரும் சுலபமா வரும், குழந்தை நிறை குறைஞ்சு பிறக்கலாம். பொரளை டி சொய்சாவுக்கோ காசல் வீதி ஆஸ்பத்திரிக்கோ நாளைக்கே போங்கோ, காசு தேவையில்லை.

16 ஆகாதவள் ஓமெண்டு சொல்லியிருந்தாலும் சட்டத்துக்கு அது வல்லுறவுதான். குற்றம் அவளில இல்லை. சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு எடுங்கோ. அவனுக்கே கட்டிவைக்கிற பேச்சும் வேண்டாம், பொதுத் திருமணச் சட்டத்தில 18 ஆகாமல் பதிவு செய்யேலாது. ஆர், எப்பிடி எண்டு துருவாமல் பக்கத்தில இருந்து சாப்பிட வையுங்கோ. அவளின்ர பள்ளிக்கூடப் புத்தகங்களை ஆரும் எறிய விடாதேங்கோ.